பசியின் முகம் கண்ட பெருமகனார்

நெய்வேலி நகரியத்தை ஒட்டி அமைந்த வடக்குத்திலிருந்து வடலூர் நெடுந்தொலைவில் இல்லை. அச்சிறு தொலைவிற்குள் இரண்டு நெருப்புகளை நாம் காண்கிறோம். ஒன்று நிலத்தடியிலிருந்து வந்தது. சம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டதும், 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியதும், 1962-இல் மின்னாக்கம் தொடங்கியதும் இவ்வட்டாரத்தார் நன்கு அறிந்த வரலாறு. மற்றொரு நெருப்பு அதற்கு ஏறத்தாழ நூறாண்டுகள் மூத்தது. 1867-ஆம் ஆண்டு மே திங்கள் 23-ஆம் நாள் வடலூரில் ஓர் அடுப்பில் மூட்டப்பட்ட அது, சோறு ஆக்குவதற்கென்றே மூட்டப்பட்டது. மூட்டியவர் இராமலிங்க அடிகளார். வள்ளலார் என்று உலகம் அவரை அழைக்கிறது.

வள்ளல் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் நெஞ்சில் எழும் உருவம் யாது? முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனும் ஆகிய குறுநில மன்னர்கள். பிற்காலத்தில் சத்திரம் கட்டிய செல்வர்கள், கல்விக்கூடம் எழுப்பிய வணிகப் பெருமக்கள். எல்லோரும் உடையவர்கள், உள்ளதிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்கள். இராமலிங்கர் அவ்வரிசையில் அடங்காதவர். அவருக்கென்று வயலில்லை, வணிகமில்லை, அரசுப் பதவியில்லை. வாழ்நாள் முழுவதும் பிறர் வீட்டில் உண்டு வளர்ந்த ஒருவரை ஒரு நாடே வள்ளல் என்று அழைப்பது விந்தையன்றோ! அவ்விந்தையின் வேரைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறப்பணிகளுக்குத் தலைமை ஏற்போர்க்குரிய தகுதி யாது என்னும் வினா இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. பொருள் வளமும், கல்வியும், ஆளும் திறனும் இருந்தால் போதுமா? அன்றித் துன்பத்தைத் தம் உடம்பில் அறிந்தவர்க்கு அத்தலைமையில் தனியிடம் உண்டா? இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாற்றுத்திறனாளிகள் தங்களைப் பற்றிய முடிவுகளில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று போராடிய காலத்திலிருந்து இவ்வினா வலுப்பெற்றது. வினா புதிதாக ஒலிக்கலாம். அதற்குரிய விடையின் ஒரு பகுதி நம் பக்கத்து ஊரில் நூற்றைம்பது ஆண்டுகளாகப் புகைந்துகொண்டிருக்கிறது என்பது எம் எண்ணம்.

இராமலிங்கர் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் தோன்றினார். தந்தையார் இராமையா பிள்ளை ஊர்க்கணக்கர், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். தாயார் சின்னம்மையார். சபாபதி, பரசுராமன் என இரு தமையன்மார். சுந்தரம்மாள், உண்ணாமுலை என இரு தமக்கையர். ஐந்தாவது குழந்தையாகிய இராமலிங்கர் பிறந்து ஓராண்டு நிறையுமுன்பே தந்தையார் மறைந்தார். ஊர்க்கணக்கரின் வருவாய் அவரோடு முடிந்தது. சின்னம்மையார் ஐந்து மக்களுடன் முதலில் தம் பிறந்தகமான பொன்னேரிப் பகுதிக்கும், பின்னர்ச் சென்னைக்கும் சென்றார்.

சென்னையில் ஏழுகிணற்றுப் பகுதியின் வீராசாமிப் பிள்ளைத் தெருவில் குடும்பம் தங்கியது. மூத்தவர் சபாபதி புராணச் சொற்பொழிவுகள் ஆற்றி, அதில் கிடைத்த சம்பாவனையைக் கொண்டு குடும்பத்தைக் காத்தார். சொற்பொழிவாளரின் வருவாய் எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். திங்கள்தோறும் கைக்கு வரும் ஊதியம் அன்று அது. அழைப்பு வந்தால் அடுப்பு எரியும். தம்பியாவது நன்கு கற்றுத் தம் சுமையில் பாதியைத் தாங்க வேண்டும் என்று தமையனார் விரும்பியதில் வியப்பில்லை. காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் தம்பியைப் படிக்க அனுப்பினார். தம்பியோ பள்ளியை விட்டுக் கந்தகோட்டத்து முருகன் திருமுன் நின்று பாடிக்கொண்டிருந்தார். ஆசிரியரும், இப்பிள்ளைக்கு யாம் கற்பிப்பதற்கு ஒன்றுமில்லை என்று ஒதுங்கிக்கொண்டார் என வரலாற்றாசிரியர் கூறுவர்.

இங்குதான் இவ்வரலாற்றின் கருவாகிய நிகழ்ச்சி வருகிறது. சினங்கொண்ட தமையனார், தம்பிக்குச் சோறும் துணியும் தரலாகாது என்று தம் மனைவியாருக்கு ஆணையிட்டார். அண்ணியார் பாப்பாத்தி அம்மாள் கணவர் சொல்லையும் மீற இயலாமல், கொழுந்தனின் வாடிய முகத்தையும் பார்க்க இயலாமல், கணவர் அறியாதவாறு புழக்கடை வழியே அழைத்துச் சோறிட்டு வந்தார். ஒருநாள் தந்தையாரின் நினைவுநாள் வந்தது. உறவினர் அனைவரும் முன்கூடத்தில் அமர்ந்து வடை பாயசத்துடன் உண்டு சென்றனர். அவ்விறந்தவரின் சொந்த மகனோ எல்லோரும் சென்றபின் பின்வாசல் வழியாக வந்து உண்டான். இலையின் முன் அமர்ந்த பிள்ளையைக் கண்டு அண்ணியார் கண்ணீர் வடித்தார். படித்து, மற்றவர்போல் முன்வாசல் வழியாக வந்து உண்ணலாகாதா என்று வேண்டினார். அவர் கண்ணீருக்காகவே இராமலிங்கர் வீட்டிற்குத் திரும்பினார். மாடியில் ஓர் அறையைப் பெற்றுத் தம் வழியில் பயிலத் தொடங்கினார்.

இந்நிகழ்ச்சியை எழுதும் வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் அடுத்து நிகழ்ந்த கண்ணாடிக் காட்சிக்கு விரைந்து சென்றுவிடுகின்றனர். நாம் அந்தப் பின்வாசலில் சற்றே நிற்போம். வயிற்றுக்குச் சோறு கிடைத்தது. கிடைத்த சோறும் அன்போடு இடப்பட்டது. ஆயினும் அது மறைத்து இடப்பட்ட சோறு. கொடுத்தவர் அஞ்சிக்கொண்டே கொடுத்தார். உண்டவர் ஓசை எழாமல் உண்டார். பசி தணிந்தாலும் மானம் தணியாத உணவு ஒன்று உண்டு என்பதைச் சிறுவனாக இருந்தபோதே அவர் அறிந்துகொண்டார். அதனோடு இன்னொன்றையும் அறிந்தார். பசித்தவனுக்கு உதவியவர் அந்த வீட்டில் அதிகாரம் உடையவர் அல்லர். அதிகாரம் அற்றவராகிய ஒரு பெண்மணியே. ஆணையிட்டவரின் கணக்கு நேர்மையானது. உழைக்காதவனுக்கு ஏன் சோறு என்பதே அக்கணக்கு. கணக்குப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தவர் அண்ணியார்.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகவே கூறுவோம். தமையனாருக்கு உடல்நலம் குன்றிய ஒருநாள், சோமு செட்டியார் இல்லத்துச் சொற்பொழிவிற்குத் தம்பி செல்ல நேர்ந்தது. ஒப்புக்கு ஓரிரு பாடல்களைச் சொல்லிவிட்டு வரச் சென்றவர், நள்ளிரவு வரை அவையைக் கட்டிப்போட்டார். தமையனாரும் உண்மையை உணர்ந்தார். ஒற்றியூரும் கந்தகோட்டமும் அவர் பாடல்களால் நிறைந்தன. 1850-இல் உற்றார் வற்புறுத்தலால் தமக்கை மகளை மணந்தார். ஆயினும் இல்லறத்தில் அவர் உள்ளம் தோயவில்லை. 1854-இல் மனுமுறை கண்ட வாசகம் என்னும் உரைநடை நூல் வெளிவந்தது. பணத்தை அவர் கையில் வைத்துக்கொள்ள விரும்பியதில்லை. தம்மிடம் சேர்ந்த காசுகளைக் கிணற்றிலும் குளத்திலும் எறிந்துவிட்டதாக அவரே தம் பாடலில் குறிப்பிடுகிறார். இச்செய்தியை வாசகர் மனத்தில் இருத்துவாராக. பின்னர் இதற்குத் திரும்புவோம்.

1858-இல் சென்னையை விட்டு நீங்கினார். தில்லையை நோக்கி வந்தவர், கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் அவ்வீடே அவர் உறைவிடம். மீண்டும் பிறர் வீட்டுச் சோறு. ஆனால் இம்முறை முன்வாசல் வழியாக வந்த சோறு. ரெட்டியாரும் அவர் துணைவியார் முத்தியாலம்மாளும் அவரைத் தம் குடும்பத்தவராகவே போற்றினர். தண்ணீரில் விளக்கெரிந்த செய்தி இவ்வீட்டைச் சார்ந்ததே. அற்புதத்தை அடியவர் போற்றட்டும். நம் பொருளுக்கு வேண்டுவது, வெள்ளாடை போர்த்து, தலை மூடி, கை வீசாது நடந்த ஒரு மெலிந்த மனிதர் ஒன்பது ஆண்டுகள் ஒரு வேளாண் சிற்றூரில் வாழ்ந்தார் என்பதேயாகும். மழை பொய்த்தால் என்ன நேரும் என்பதை நகரத்தில் இருந்து அறிய இயலாது. கருங்குழியில் அறியாமலிருக்க இயலாது. வாடும் பயிரைக் கண்டு தாம் வாடியதாக அவர் பாடியது உழவர் நடுவே உண்டு உறங்கியவரின் பாட்டு.

அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட அப்பயிர் இந்நாளிலும் நினைக்கப்படுகிறது. 2023-ஆம் ஆண்டு சூலையில் வளையமாதேவிப் பகுதியில் சுரங்க விரிவாக்கத்திற்குரிய வாய்க்கால் பணியின்போது விளைந்து நின்ற நெற்பயிர் அழிக்கப்பட்டது. அதைக் குறித்து விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வள்ளலாரையே நினைவுகூர்ந்து வருந்தினார்.

கருங்குழிக் காலத்துச் செய்தி ஒன்று சுவையானது. அடிகளாரின் பாடல்களைத் தொகுத்து அச்சிட விரும்பிய இறுக்கம் இரத்தின முதலியார் பன்முறை வேண்டியும் அடிகளார் இசையவில்லை. புகழில் அவருக்கு இருந்த அச்சம் அத்தகையது. பாடல்கள் வந்து சேரும்வரை நாளுக்கு ஒருவேளையே உண்பது என்று முதலியார் உறுதி பூண்டார். அச்செய்தி அடிகளாரை எட்டியது. வாதங்களுக்கும் வேண்டுகோள்களுக்கும் அசையாதவர், தம் பொருட்டு ஒருவர் பசித்திருக்கிறார் என்றதும் அசைந்துவிட்டார். பாடல்களைத் தர இசைந்தார். தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் 1867-இல் திருவருட்பா வெளிவந்தது. இன்று நாம் அந்நூலைக் கையில் எடுக்க முடிவதற்கு, உண்ணாத ஒரு வேளைச் சோறும் ஒரு காரணம். அருட்பா, மருட்பா என்று பின்னர் எழுந்த பூசலும் மஞ்சக்குப்பத்து வழக்கும் தனியே எழுதத்தக்கவை. நம் பொருளுக்குப் புறம்பானவை.

அக்காலத்துப் பஞ்சங்களை எண்ணாமல் வடலூர் அடுப்பை விளங்கிக்கொள்ள இயலாது. 1866-இல் ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் வட பகுதியையும் கொடும் பஞ்சம் சூறையாடியது. சத்திரங்கள் இல்லாமலில்லை. ஆனால் அவற்றுள் பல, வழிப்போக்கர்க்கும் குறிப்பிட்ட குலத்தார்க்கும் உரியவை; பந்தியிலும் குலவேறுபாடு பார்த்தவை. பசித்தவன் என்ற ஒரு தகுதி மட்டும் உடையவனுக்கு வாசல் திறந்திருந்த இடங்கள் அரியனவே.

1865-இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை நிறுவிய அடிகளார், அடுத்து ஒரு சாலையை நிறுவ விழைந்தார். நிலம் வேண்டும். செல்வர் ஒருவரை நாடி அவர் பெயரால் கட்டடம் எழுப்புவது எளிய வழி. அவர் அவ்வழி செல்லவில்லை. வடலூராகிய பார்வதிபுரத்து மக்கள் நாற்பது பேர் சேர்ந்து ஏறத்தாழ எண்பது காணி நிலத்தைத் தரும சாலைக்கென எழுதிக் கொடுத்தனர். ஒருவர் கொடையன்று, ஓர் ஊரின் கொடை. ஆகவே அதில் ஒருவருக்கும் உரிமைச் செருக்கு இல்லை. எல்லோருக்கும் அக்கறை உண்டு. 2024-இல் அந்நிலத்தில் அரசின் பன்னாட்டு மையக் கட்டடப் பணி தொடங்கியபோது, தம் முன்னோர் கொடுத்த பெருவெளி வெளியாகவே இருக்க வேண்டும் என்று பார்வதிபுரத்தார் எதிர்த்து நின்றதையும் இங்கு எண்ணலாம். வழக்கின் நீதி எத்திறத்ததாயினும், ஐந்து தலைமுறை கடந்தும் கொடுத்தவர் வழியினர் அதைத் தம் பொறுப்பாகக் கருதுகின்றனர் என்பது தெளிவு.

சத்திய தருமசாலை கூரைக் கட்டடமாகத் தொடங்கியது. 21 அடி நீளமுள்ள அடுப்பு அமைக்கப்பட்டது. வருவோரிடம் ஊர், குலம், சமயம் எதுவும் கேட்கலாகாது என்பது முறை. புலால் உணவை அடிகளார் எத்துணைக் கடுமையாக மறுத்தவர் என்பதை நாடறியும். உயிர்க்கொலையும் புலாலுணவும் உடையவரைத் தம் நெறிக்குப் புறம்பானவர் என்றே அவர் வகுத்தார். ஆயினும் அவர்களுக்கும் பசி தவிர்த்தல் கடன் என்று விதித்தார். கொள்கையில் இம்மியும் நெகிழாத ஒருவர், இலையின் முன் மட்டும் கொள்கையைக் கேட்பதில்லை! உதவி பெறுவோரைத் திருத்திய பின்னரே உதவ வேண்டும் என்று எண்ணுவோர் எக்காலத்திலும் உளர். சபாபதியாரும் அவ்வாறே எண்ணியவர்தாம். அவ்வாணையின் மறுபக்கத்தில் இருந்து உண்டவர் அதே தவற்றைத் தாம் செய்யவில்லை.

அவர் எழுதிய சீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடைப் பகுதியைக் கற்போர்க்கு ஒன்று புலனாகும். அறத்தைப் பற்றிய நூல்கள் பலவும் கொடுப்பவரின் பக்கம் நின்று பேசும். கொடுத்தால் வரும் புகழையும் புண்ணியத்தையும் விரிக்கும். அடிகளாரும் பயனைக் கூறுகிறார். ஆயினும் அவர் உரை உயிர்பெறுவது பசித்தவரின் உடம்பிற்குள் புகும் இடத்தில்தான். பசி மிகும்போது கண்ணுக்கும் காதுக்கும் நாவுக்கும் தோலுக்கும் நரம்புக்கும் என்னென்ன நேர்கின்றன என்பதை ஒரு மருத்துவர் நோய்க்குறி எழுதுவதுபோல் உறுப்பு உறுப்பாக அவர் வரைந்து செல்கிறார். அதனினும் நெஞ்சைத் தொடுவது மற்றோரிடம். பகல் கழிந்து இருட்டும் வேளையில், எங்கே செல்வது, யாரைக் கேட்பது, கேட்க நா எழவில்லையே, கேளாதிருந்தால் வயிறு விடவில்லையே, மனைவி மக்களின் முகத்தில் எவ்வாறு விழிப்பது என்று ஒருவன் தனக்குள் தவிக்கும் தவிப்பை அவன் மனக்குரலாகவே அவர் தீட்டுகிறார். இதனை வெளியிலிருந்து பார்த்தவர் எழுத இயலாது. பிச்சை கேட்கத் தெரிந்தவனின் பசியைத் தெருவில் செல்லும் எவரும் காணலாம். கேட்கத் தெரியாதவனின் பசியை, ஒரு காலத்தில் கேளாது நின்றவரே காண்பார்.

அதே உரையில், திருமண வீடுகளில் பந்தலை அலங்கரித்து, இசையும் கூத்தும் வைத்து, பெரும்பொருள் செலவிடுவோர் பசித்தவர் முகத்தைப் பாராதிருப்பதைக் கடிந்துரைக்கும் பகுதியும் உண்டு. முன்கூடத்து விருந்தையும் பின்வாசல் இலையையும் ஒருசேரக் கண்டவரின் கண் அது என்று நமக்குத் தோன்றுகிறது.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். அடிகளார் பின்னாளில் தாமே விரும்பிப் பலநாள் உண்ணாதிருந்தவர். அவர் பசியை அறிந்தது அந்நோன்பால் அன்றோ என்று கேட்கலாம். நோன்பு பசியை அறிவிக்கும் என்பதை நம் கல்லூரிச் சூழலில் விளக்க வேண்டுவதில்லை. ரமலான் திங்களில் செல்வரும் வறியவரும் ஒரே நேரத்தில் பசித்திருந்து, ஒரே நேரத்தில் நோன்பு திறக்கின்றனர். அம்மாதத்தில் ஈகை பெருகுவது கண்கூடு. ஆயினும் நோன்பாளிக்கு மாலையில் பேரீச்சம்பழமும் கஞ்சியும் உண்டு என்பது தெரியும். வறியவனுக்கு அந்த மாலை எந்த நாளில் வரும் என்பது தெரியாது. தேர்ந்துகொண்ட பசி உடம்பை அறிவிக்கும். தேர்ந்துகொள்ளாத பசியோ அச்சத்தையும் நாணத்தையும் சேர்த்து அறிவிக்கும். அடிகளார் இரண்டையும் அறிந்தார். முன்னதை முதுமையிலும் பின்னதை இளமையிலும் அறிந்தார் என்பதே உண்மை.

அனுபவம் ஒன்றே போதுமா என்றால், போதாது என்றே கூற வேண்டும். தந்தையை இழந்த அதே வீட்டில், அதே வறுமையில் வளர்ந்தவர் தமையனார் சபாபதியும். அவருக்கு வறுமை கற்பித்த பாடம் வேறு: உழைத்தவனுக்கே சோறு. துன்பப்பட்டோர் பலர், நாங்கள் படாததா என்று கேட்டுக் கல்லாகி விடுவதையும் நாம் அன்றாடம் காண்கிறோம். பட்ட துன்பத்தை மறவாதிருப்பதும், அதைப் பிறர் துன்பத்தோடு பொருத்திப் பார்ப்பதும் வேண்டும். அதன்மேல், அதை ஒரு முறைமையாக, நாள்தோறும் நடக்கும் ஏற்பாடாக ஆக்கும் திறமும் வேண்டும். வடலூரில் இம்மூன்றும் கூடின.

காசைக் கிணற்றில் எறிந்தவரை நினைவில் வைக்க வேண்டினோம் அன்றோ? தருமசாலை தொடங்கியபின் அவரே பொருளுதவி வேண்டி அன்பர்களை நாடலானார். வண்டிகளில் தானியம் வந்தது. தமக்கென்று வாங்க நாணியவர், பிறர்க்கென்று கேட்க நாணவில்லை. துறவின் உச்சி காசை எறிவது என்று நினைப்பவர்க்கு இது ஓர் இறக்கமாகத் தோன்றலாம். எமக்கோ இதுவே அவர் வாழ்வின் பேரேற்றமாகத் தோன்றுகிறது. ஒருநாள் அரிசி இல்லை என்று சாலையில் இருந்தோர் கலங்கி நிற்க, நாளை வரும் என்று அவர் ஆறுதல் கூறியதும், மறுநாள் அன்பர் ஒருவர் வண்டிகளில் அரிசி கொணர்ந்ததும் அவர் வரலாற்றில் வழங்கும் செய்தி. நம்பிக்கையின் வெற்றியாக அதனைக் கூறுவர். நாளைய அரிசி இல்லாத அடுப்பைப் பற்ற வைக்கத் துணிந்தவர், அரிசி இல்லாத வீடு எவ்வாறு இருக்கும் என்பதை முன்பே அறிந்தவர் என்பதையும் நாம் சேர்த்துக் கூற விரும்புகிறோம்.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றை வரலாறு சில ஆண்டுகளிலேயே காட்டியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது ஆண்டுப் பஞ்சம் பாழ்படுத்தியது. இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். அரசின் சார்பில் 1877-இல் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் உழைப்பவருக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ், உழைக்கும் உடம்புக்கு இவ்வளவு போதாது என்று வாதாடினார். சில திங்களில் அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் இழந்தவை மீளவில்லை. டெம்பிள் கொடியவர் அல்லர். 1874-இல் பீகாரில் தாராளமாகச் செலவிட்டுப் பலரைக் காத்து, அச்செலவுக்காகவே மேலிடத்தின் பழியைச் சுமந்தவர். பழிக்கு அஞ்சிய கணக்கு மறுமுறை அவர் கையைக் கட்டியது. ஓர் இராத்தல் என்பது எழுதுகோலுக்கு ஓர் எண்; குழி வெட்டுபவனுக்கு அதுவே அன்றைய முழு வயிறு. அவ்வெண்ணை எழுதிய மேசையின் எதிரே, அதை உண்டு பார்த்த ஒருவரும் அமர்ந்திருக்கவில்லை.

பின்வந்த தமிழகம் இவ்வுண்மைக்குப் பல சான்றுகளைத் தந்தது. பதினொரு வயதில் மணமாகி விரைவிலேயே கைம்பெண் ஆன சகோதரி சுப்புலட்சுமி, 1912-இல் சென்னையில் இளங்கைம்பெண்களுக்கு இல்லம் தொடங்கினார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்கச் செய்தார். இளமையிலேயே தந்தையை இழந்து பள்ளியை விட்ட காமராசர், பள்ளிகளில் மதிய உணவைக் கொணர்ந்தார். கும்பகோணத்தில் சிறுவயதில் பசித்திருந்ததைத் தாமே பலமுறை கூறிய எம்.ஜி.ஆர்., 1982-இல் சத்துணவுத் திட்டமாக அதை விரித்தார். அப்போது பொருளியல் அறிந்தோர் பலர் அத்திட்டம் நிதிக்குக் கேடு என்றனர். கணக்கில் அவர்கள் பிழை செய்யவில்லை. வகுப்பறையில் வெறும் வயிற்றோடு அமர்ந்த நினைவு அவர்கள் கணக்கில் ஒரு பத்தியாக இடம்பெறவில்லை, அவ்வளவே.

அடிகளாரின் இறுதி ஆண்டுகள் மேட்டுக்குப்பத்தில் கழிந்தன. 1872 சனவரி 25-ஆம் நாள் தைப்பூசத்தன்று வடலூரில் சத்திய ஞானசபை திறக்கப்பட்டது. சாலைக்குப் பின்னரே சபை என்னும் இவ்வரிசை கருதத்தக்கது. சோறு முதலில் வந்தது. ஒளி வழிபாடு ஐந்தாண்டு கழித்தே வந்தது. சபையின் ஒழுங்குகள் தாம் எண்ணியவாறு பின்பற்றப்படவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. தம் நெறியை ஏற்பார் மிகச் சிலரே என்று அவர் மனம் வெதும்பியதையும் அறிகிறோம். தலைவர் பலருக்கும் நேரும் தனிமை அது. 1874 சனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்து அறையினுள் சென்று தாளிட்டுக்கொண்டார். பின்னர் அவரை எவரும் கண்டிலர்.

கருத்துகளைப் பின்பற்றுவார் அரியராக இருந்த போதிலும், அடுப்பைத் தொடர்ந்து எரிப்பார்க்குக் குறைவு ஏற்படவில்லை. கருத்து புரியாதவனுக்கும் பசி புரியும் ஆதலின், விறகு கொணர்வோரும் அரிசி அளப்போரும் வழிவழியாக வந்துகொண்டே இருந்தனர். தாது ஆண்டுப் பஞ்சத்தில் நாடே கருகியபோதும் அந்நெருப்பு அணையவில்லை என்பது வடலூர் மரபு. தருமசாலையும் ஞானசபையும் இப்போது தமிழக அரசின் அறநிலையத் துறை ஆளுகையில் உள்ளன. 2022-இல் அடிகளாரின் இருநூறாவது ஆண்டு தொடங்கியபோது, அவர் பிறந்த அக்டோபர் 5-ஆம் நாளைத் தனிப்பெருங்கருணை நாளாக அரசு கடைப்பிடிக்கலாயிற்று.

தைப்பூசத்திற்கு முன்னாட்களில் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து அரிசி மூட்டைகளும் காய்கறிகளும் வடலூருக்குச் செல்வதைச் சாலையில் காணலாம். அறுவடை முடிந்த களத்திலிருந்து ஒரு மூட்டையைச் சாலைக்கென ஒதுக்கி வைக்கும் குடும்பங்கள் உண்டு. தருமசாலையில் இலை விரிக்கும் தொண்டர் எவரும் வந்தவரின் பெயரைக் கேட்பதில்லை. வரிசை அமர்கிறது, சோறு வருகிறது, உண்டவர் எழுந்து கை கழுவிச் செல்கின்றனர். அடுத்த வரிசை அமர்கிறது. எல்லோரும் முன்வாசல் வழியாகவே வருகின்றனர்.